நாலாம் விரல் எங்கே விழும்

டைப்பிஸ்டின் கட்டைவிரல்களுக்குப் பதினோரு வருடமாக ஒரே ஒரு வேலைதான்: சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடம் விடுவது. மற்ற எட்டு விரல்களும் வக்கீல் அலுவலகத்து மனுக்களை மழை மாதிரி கொட்டிக்கொண்டிருக்கும்போது, இவை இரண்டும் நீளமான பட்டையின் மேல் சும்மா படுத்திருக்கும். அவ்வப்போது ஒரு தட்டு, அவ்வளவுதான். அப்படிச் சொகுசாக வாழ்ந்த விரலைப் பிடித்து, இசை வகுப்புக் கீபோர்டில் நடுவிரலுக்கு அடியில் குனிந்து நுழைந்து அடுத்த கட்டையைப் பிடி என்றால் அது எப்படிக் கேட்கும்? முதல் வாரம் முழுக்க விறைத்துக்கொண்டு நின்றது.

"அக்கா, கட்டைவிரலை உள்ள விடுங்க. மேல தூக்கிக் குதிக்காதீங்க" என்றாள் டீச்சர்.

டீச்சருக்கு வயது இருபத்துநாலு. வகுப்பில் எல்லோரும் அவளைவிடப் பெரியவர்கள் என்பதால் அக்கா, அண்ணா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். ஆனால் ஸ்கேல், அதாவது சுர வரிசை, என்று வந்துவிட்டால் சொந்த அக்காவாக இருந்தாலும் விடமாட்டாள் போலிருந்தது.

சலவைக் கடைக்கு மேலே மாடியில் ஒரு நீள அறை. கீழேயிருந்து இஸ்திரியின் சூட்டு வாசனை படியேறி வரும். பத்துப் பேர், ஐந்து கீபோர்டு. இரண்டு பேருக்கு ஒன்று. டைப்பிஸ்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் டிரைவர். நகரப் பேருந்து ஓட்டுகிறவர், முப்பத்தெட்டு வயது, சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுத்தான் கீபோர்டைத் தொடுவார். முதல் நாளே அவரிடம் அவள் கேட்டுவிட்டாள், எதற்காகக் கற்றுக்கொள்ள வந்தார் என்று.

"நாள் பூரா ஹாரன் சத்தம்தாங்க. என் கையால நல்லதா ஒரு சத்தம் வரணும்னு தோணுச்சு. நீங்க?"

"கருப்புக் கட்டையெல்லாம் ஏன் ரெண்டும் மூணுமா பிரிஞ்சு கிடக்குன்னு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்."

"அதுக்காக மூணு மாசம் கிளாஸா?"

"அதுக்காகத்தான்."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து கருப்புக் கட்டைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். அந்த எண்ணிப் பார்த்தல்தான் அவளுக்குப் பிடித்துப் போனது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கேள்வி கேட்பதில் அவளுக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு சம்பந்தம் ஏறக்குறைய முடிவான நேரத்தில், மாப்பிள்ளை பார்த்த வேலையைப் பற்றி அவரிடமே பதினேழு கேள்வி கேட்டுவிட்டாள். தண்ணீர்க் குழாய் அழுத்தத்தை அளக்கும் வேலை. அவளுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 'பொண்ணு விசாரணை கமிஷன் மாதிரி இருக்கா' என்று பதில் வந்தது. அதன் பிறகு அக்காவும் மாமாவும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அவர்கள் வீட்டில்தான் அவள் இருந்தாள்.

இரண்டாவது வாரம் ஜி மேஜர் வந்தது. முதல் வாரத்து சி மேஜர் என்றால் சி கட்டையில் கிளம்பி, ஏழு சுரம் தாண்டி, மறுபடி மேலே இருக்கிற சி-யில் போய் நிற்பது. கட்டைவிரல்தான் ஒன்றாம் விரல், சுண்டுவிரல் ஐந்து. ஒன்று இரண்டு மூன்று, கட்டைவிரல் அடியில் நுழைந்து மறுபடி ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து. அதை ராத்தூக்கத்திலும் சொல்லுமளவுக்கு அவள் மனப்பாடம் செய்திருந்தாள். எந்தக் கட்டைக்கு எந்த விரல் என்று, டைப்பிங் கற்றுக்கொண்டபோது செய்த மாதிரியே, ஒவ்வொரு கட்டையையும் ஒரு விரலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். ஏ கட்டை நடுவிரலுக்கு. முடிந்தது.

ஜி-யில் ஆரம்பித்ததும் ஏ கட்டையை ஆள்காட்டி விரல் தொட்டது. டைப்பிஸ்ட் கையை எடுத்துவிட்டாள்.

"டீச்சர், போன வாரம் இந்தக் கட்டையை நடுவிரல் தொட்டுச்சு. இன்னிக்கு ஆள்காட்டி தொடுது. அப்ப இது யாரோட கட்டை?"

அறை சிரித்தது. பின் வரிசையில் இருந்த பல் டாக்டர் அம்மா, "பாகப்பிரிவினை கேஸ் போடுங்க, உங்க வக்கீலே பாத்துக்குவார்" என்றார்.

"கட்டை யாரோடதும் இல்லக்கா. பழகப் பழகக் கை தானா போகும்" என்றாள் டீச்சர்.

"எந்தக் கணக்குல போகும்?"

"தானா."

டிரைவர் மெதுவாகச் சொன்னார்: "நல்ல கேள்விதாங்க. என் பஸ்ல ஜன்னலோர சீட்டுக்கும் தினம் இதே தகராறுதான்."

ஒவ்வொரு வாரமும் புது ஸ்கேல்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் விரல்கள் இடம் மாறின. எஃப்-இல் கட்டைவிரல் மூன்று விரலைத் தாண்டி நாலாவதுக்கும் அடியில் நுழைய வேண்டியிருந்தது. கருப்புக் கட்டையில் ஆரம்பிக்கும் ஸ்கேல்களிலோ முதல் விரலே எது என்று தெரியவில்லை. மூன்றாம் விரல் என்றது புத்தகம் ஓரிடத்தில், இரண்டு என்றது இன்னோரிடத்தில். பன்னிரண்டு ஸ்கேல், இரண்டு கை. அவள் கணக்குப்படி தலையில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு எண்கள் நிற்க வேண்டும். ஒன்றை உள்ளே தள்ளினால் இன்னொன்று வெளியே விழுந்தது.

பத்தாவது வாரம் டீச்சர் அறிவித்தாள்.

"அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை டெஸ்ட். ஆளுக்கு அஞ்சு ஸ்கேல் கேப்பேன், நான் சொல்ற கையில. நாலு சரியா வரணும். பாதியில நின்னு திரும்ப ஆரம்பிச்சா அது தப்புதான். தேறினா இதே நேரத்துல ரெண்டாம் நிலை. தேறலேன்னா காலைல பத்து மணி பேட்ச்ல மறுபடி முதல்லேர்ந்து."

காலை பத்து மணிக்கு டைப்பிஸ்ட் வக்கீலின் எதிரில் உட்கார்ந்திருப்பாள். ஆக, தேறாவிட்டால் இந்த மாடிப்படி அவ்வளவுதான். இரண்டரை மாதமாக வாரம் இரண்டு மாலை அவள் உட்கார்ந்த அந்தப் பாதி பெஞ்சும், அதன் மறு பாதியும் அவ்வளவுதான். முதல் பாதிக்காகத்தான் கவலைப்படுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியிறங்கினாள்.

அன்று முதல் வீட்டுச் சாப்பாட்டு மேஜை கீபோர்டானது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அடிக்கோல் வைத்து அளந்து, சி முதல் சி வரை ஓர் ஆக்டேவ் என்று இரண்டு ஆக்டேவ் கட்டைகளை வரைந்து, மேஜையோடு ஒட்டிவிட்டாள்.

"என்னடி இது, மேஜைக்கு எக்ஸ்ரே எடுத்த மாதிரி?" என்றாள் அக்கா.

"பிராக்டிஸ்."

"சத்தமே வரலையே."

"விரலுக்குத்தான் பிராக்டிஸ், காதுக்கு இல்ல."

மாமா தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் எந்த சுரத்து மேல சாப்பிடணும்னு சொல்லிட்டா உக்காந்துக்குவேன்."

"அந்த ஓரத்துல உக்காருங்க மாமா. அங்க எனக்குக் கை எட்டாது."

"பாத்தியா, இந்த வீட்ல எனக்கு ஓரந்தான்." அவர் உட்கார்ந்து, அவள் விரல்களையே பார்த்தார். "அந்த மோதிர விரல் மட்டும் ஏன் பயந்து பயந்து வருது?"

"அது சோம்பேறி மாமா. எப்பவாவதுதான் வரும்."

சொல்லிவிட்டு டைப்பிஸ்ட் நிறுத்தினாள். எப்பவாவது என்றால் எப்போது?

மறுநாள் மதிய இடைவேளையில் டப்பாவைத் திறக்காமலேயே அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை போட்டாள். மேலே பன்னிரண்டு கட்டைகளின் பெயர், பக்கவாட்டில் பன்னிரண்டு ஸ்கேல். கட்டத்துக்குள் வலது கை விரல் எண்கள். எட்டாவது சுரம் முதல் சுரமே திரும்பி வருவதுதான் என்று அதை விட்டுவிட்டாள். பிறகு எண்களுக்கு ஒவ்வொன்றாக நிறம் கொடுத்தாள். ஒன்றுக்கு மஞ்சள் அடித்தாள். அம்மை போட்ட மாதிரி அங்கங்கே தெறித்தது. இரண்டும் மூன்றும் அதே கதை. நான்குக்குச் சிவப்பு அடித்தாள்.

ஒரு வரிக்கு ஒரே ஒரு சிவப்பு.

முதலில் ஏதோ எண்ணை அடிக்க விட்டுவிட்டோம் என்றுதான் நினைத்தாள். புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்த்தாள். இல்லை. ஏழு சுரத்தில் நாலாம் விரல், அதாவது மோதிர விரல், ஒரே ஒரு தடவைதான் இறங்குகிறது. அது எங்கே இறங்குகிறது என்று தெரிந்துவிட்டால் அதற்கு அடுத்தது கட்டைவிரலைத் தவிர வேறு யாருமில்லை. மீதி விரல்கள் வரிசையில் தாமாக நின்றுகொள்ளும்.

இன்னும் கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோது ஆறு வரிகளின் சிவப்பு ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே நெடுக்கில் நின்றது. பி ஃபிளாட். மூன்று கருப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் கூட்டத்தில் வலது கோடியில் இருக்கிற கட்டை. எஃப்-இல் கிளம்பினாலும் சரி, கருப்புக் கட்டையில் ஆரம்பிக்கும் ஃபிளாட் ஸ்கேல் ஐந்தில் எதில் கிளம்பினாலும் சரி, அந்தக் கட்டை மோதிர விரலுக்குத்தான். மற்ற ஆறு வரிகளில் சிவப்பு வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு ஒரு படி முன்னால், ஏழாவது சுரத்தில் வந்து நின்றது.

"ஏம்மா, நோட்டீஸ் ஆச்சா?" வக்கீல் கதவருகில் நின்றார்.

"அஞ்சு நிமிஷம் சார்."

"ஸ்கிரீன்ல என்ன, ரத்தச் சொட்டு மாதிரி?"

"விரல் சார்" என்றாள். அவர் மேற்கொண்டு கேட்காமல் போய்விட்டார். கேள்வி கேட்காத மனிதர்கள் எப்படித்தான் வக்கீலாகிறார்களோ என்று அவளுக்கு அன்று புதிதாக ஒரு சந்தேகம் வந்தது.

புதன்கிழமை வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன் தாளை டிரைவர் முன்னால் விரித்தாள். அவர் ரூட் மேப்பைப் படிக்கிற மாதிரி விரலால் வரிவரியாக ஓட்டிப் பார்த்தார்.

"அப்ப உங்க கேள்விக்குப் பதில் இருந்திருக்கு."

"எந்தக் கேள்வி?"

"கட்டை யாரோடதுன்னு கேட்டீங்களே. இந்த ஒரு கட்டை மட்டும் ஆறு ஸ்கேல்ல மோதிர விரலோடது." அவர் பி ஃபிளாட்டை அழுத்தினார், நாலாம் விரலால். "பத்து வாரமா இது மேல நூறு தடவை ஏறி இறங்கியிருப்பேன். கண்ணுல படலையே."

"எனக்கும் படலை. அட்டவணை போட்டதாலதான்."

"இது வலது கை. இடது?"

"போடலை. என் இடது கை சொன்ன பேச்சு கேக்காது, அதைப் பாத்தாலே எரிச்சல்."

"என் இடது கை கேக்கும். கியர் போட்டுப் போட்டுப் பழகினது. தாளைக் குடுங்க, நான் பாக்கறேன்."

வெள்ளிக்கிழமை அவர் திருப்பிக் கொடுத்த தாளில் டிப்போ டீயின் வட்டம் ஒன்று இருந்தது. பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் கட்டம் கட்டமாக எண்கள். பொடி எழுத்து, ஒரு அடித்தல்கூட இல்லை.

"வெள்ளைல ஆரம்பிக்கிறதுல ஆறு ஸ்கேல், ரெண்டாவது சுரத்துல நாலாம் விரல். கருப்புல ஆரம்பிக்கிறதுல நாலு ஸ்கேல், நாலாவது சுரத்துல நாலாம் விரல். கியர் மாதிரியே ஞாபகம் வச்சுக்கலாம்."

"ஆறும் நாலும் பத்து. மீதி ரெண்டு?"

"பி-யும் ஜி ஃபிளாட்டும். அது ரெண்டும் டைவர்ஷன். போர்டு கிடையாது, ஓட்டி ஓட்டித்தான் பழகணும்."

"அதுக்கு ஏதாவது காரணம் இருக்கும்."

"இருக்கும். டெஸ்ட் முடிஞ்சு தேடலாம்" என்றார். 'தேடலாம்' என்பதில் எத்தனை பேர் என்று அவள் கேட்கவில்லை. வாழ்க்கையில் அவள் கேட்காமல் விட்ட வெகு சில கேள்விகளில் அது ஒன்று.

மறுநாள் முதல் காலண்டர் தாளில் அவள் பத்து ஸ்கேலை இரண்டு நாளில் முடித்துவிட்டாள். மீதி நேரமெல்லாம் அந்த டைவர்ஷன் இரண்டுக்குத்தான். பி-க்கு இடது கையில் நான்கு மூன்று இரண்டு ஒன்று, நான்கு மூன்று இரண்டு ஒன்று. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது சுவரில், பேருந்தில் தன் முழங்காலில், ஒருமுறை அக்காவின் முதுகில்.

"பேன் பாக்கறியா, பாட்டு வாசிக்கறியா?" என்றாள் அக்கா. பிறகு திரும்பாமலேயே, "அந்த டிரைவர் தேறிடுவாராடி?" என்றாள்.

"எந்த டிரைவர்?"

"நீயே சொன்னியே, தாள்ல டீ வட்டம் வச்சவர்."

டைப்பிஸ்டின் விரல் ஒரு சுரம் தப்பியது.

சனிக்கிழமை ஐவர் முடிந்து ஆறாவதாக டிரைவர் போனார். வலது கையில் டி ஃபிளாட் கேட்டபோது சற்றே தயங்கி, பி ஃபிளாட்டின் மேல் மோதிர விரலை வைத்துப் பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்து ஆரம்பித்தார். கடைசி ஸ்கேலில் மட்டும் ஒரு விரல் வழுக்கியது. ஐந்தில் நான்கு. அவர் தேறிவிட்டார்.

டைப்பிஸ்டுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இனி அவர் இங்கே இருப்பது நிச்சயம். அவள் இருப்பதுதான் நிச்சயமில்லை.

"வாங்கக்கா. வலது கை, டி."

வந்தது.

"இடது கை, ஜி."

அதுவும் வந்தது. மூச்சு கொஞ்சம் இறங்கியது. இறங்கியதுதான் தப்பு.

"இடது கை, ஈ ஃபிளாட்."

ஜி-யில் சுண்டுவிரலில் ஆரம்பித்த கை, அதே ஜோரில் ஈ ஃபிளாட்டிலும் சுண்டுவிரலை வைத்துவிட்டது. மூன்றாம் சுரத்தில் விரல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. திரும்ப ஆரம்பித்து ஒழுங்காக வாசித்தாள். ஆனால் டீச்சர் நோட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டதை அவள் பார்த்துவிட்டாள். இனி ஒன்றுகூடத் தப்பக்கூடாது.

"வலது கை, ஏ ஃபிளாட்."

டைப்பிஸ்ட் வாசிக்கவில்லை. மோதிர விரலை பி ஃபிளாட்டின் மேல் சத்தம் வராமல் வைத்தாள். ஏ ஃபிளாட் அதற்கு ஒரு சுரம் முன்னால் என்றால், ஆரம்பிப்பது மூன்றாம் விரல்.

"என்னக்கா தேடறீங்க?"

"நாலாம் விரல் எங்க விழும்னு பாத்துக்கறேன். அது உக்காந்துட்டா மத்தது உக்காந்துடும்."

வாசித்தாள். சுத்தமாக வந்தது. டீச்சர் குறி போட மறந்து, நோட்டின் ஓரத்தில் தன் வலது கையை வைத்துக் காற்றில் ஒரு ஸ்கேல் ஓட்டினாள். இன்னொன்று ஓட்டினாள். உதடு அசைந்தது.

"எல்லா ஃபிளாட்லயுமா?"

"எஃப்-ஐயும் சேத்து ஆறு."

"மூணு வருஷமா சொல்லிக் குடுக்கறேன்" என்றாள் டீச்சர், யாரிடமோ சொல்வது போல. பிறகு தன்னைச் சுதாரித்துக்கொண்டு டீச்சரானாள். "சரி, கடைசி. இடது கை, பி."

டைவர்ஷன். பின்னால் டிரைவரின் பெஞ்சு லேசாகக் கிறீச்சிட்டது.

அவள் எதையும் தேடவில்லை. தேட எந்த விதியும் அங்கே இல்லை. சுவரும் முழங்காலும் அக்காவின் முதுகும்தான் இருந்தன. நாலாம் விரலை வைத்து அழுத்தினாள். நான்கு மூன்று இரண்டு ஒன்று. கட்டைவிரலின் மேலாக நாலாம் விரல் வளைந்து தாண்டி, தவறாமல் எஃப் ஷார்ப் என்ற கருப்புக் கட்டையின் மேல் இறங்கியது. மூன்று இரண்டு ஒன்று. மேலே போய்ச் சேர்ந்து, அதே வழியில் திரும்பிக் கீழே வந்தது. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், யாரோ வேறொருவருடைய கையைப் பார்ப்பது போல. டீச்சர் சொன்ன அந்த 'தானா' இதுதானா? இது எங்கேயிருந்து வருகிறது?

"நாலு. தேறிட்டீங்க."

உட்காரப் போனபோது டிரைவர் நகர்ந்து இடம் விட்டார். வேறு ஒன்றும் செய்யவில்லை. மடித்த சட்டைக் கையை மட்டும் இன்னொரு மடிப்பு மடித்தார்.

எல்லோரும் முடிந்தபின் டீச்சர் சொன்னாள்: "தேறினவங்க அஞ்சு பேர், அதனால ரெண்டாம் நிலைல ஆளுக்கு ஒரு கீபோர்டு. ரெண்டு கையும் சேத்து வாசிக்கணும், அதனால பகிர முடியாது. இடம் நான் எழுதி ஒட்டிடறேன்."

பல் டாக்டர் அம்மா கை தட்டினார். டைப்பிஸ்ட் தட்டவில்லை. எந்தப் பெஞ்சுக்காக ஒரு வாரம் சுவரைத் தட்டினாளோ, அந்தப் பெஞ்சையே எடுத்துவிட்டார்கள்.

ஆட்கள் ஒவ்வொருவராகப் படியிறங்கினார்கள். டிரைவர் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு கையும் சேத்தா?" என்றார். "என் வலது கை இன்னும் எல்போர்டு மாட்டித்தான் ஓட்டுது."

"என் இடது கையை இப்பப் பாத்தீங்களே."

"கடைசில பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு." கீபோர்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இப்போதைக்கு நல்ல கை ரெண்டையும் போட்டுப் பாப்போமா? உங்க வலது, என் இடது. சி மேஜர்."

"எதுக்கு?"

"எப்படி இருக்கும்னு தெரியலை. தெரிஞ்சுக்கணும்."

இதைவிடச் சரியான காரணம் அவளிடம் யாரும் இதுவரை சொன்னதில்லை. அவள் வலது கையை வைத்தாள். ஒரு ஆக்டேவ் கீழே அவர் இடது கையை வைத்தார். இவள் கட்டைவிரலில், அவர் சுண்டுவிரலில். மூன்று எண்ணிவிட்டுக் கிளம்பினார்கள். இரண்டு சத்தம் ஒரே சத்தமாக மேலே ஏறிப் போயிற்று. உச்சியைத் தொட்டுத் திரும்பும்போது அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"என்ன, தப்பா?"

"இல்ல. மறுபடி வாசிங்க. மெதுவா. கையைப் பாருங்க."

சி-யில் அவள் ஒன்று, அவர் ஐந்து. டி-யில் அவள் இரண்டு, அவர் நான்கு. ஈ-யில் அவளுடைய நடுவிரல் இறங்கியது. அவருடைய நடுவிரலும் இறங்கியது. பிறகு பிரிந்து வேறு வேறு விரலாகப் போய், ஏ-யில் மறுபடி நடுவிரலும் நடுவிரலும்.

"ரெண்டு இடத்துல ஒண்ணா வருது" என்றார் டிரைவர்.

"யாரும் சொல்லலையே இதை."

"ஜி-லயும் வருமா?"

"தெரியலை."

டீச்சர் வாசலில் சாவியோடு நின்றாள். கீழே சலவைக் கடையின் ஷட்டரை இழுக்கிற சத்தம் கேட்டது. "அண்ணா, அக்கா, பூட்டணும்."

"ஒரே ஒரு ஸ்கேல் டீச்சர்" என்றாள் டைப்பிஸ்ட், ஜி-யில் கட்டைவிரலை வைத்தபடி. டிரைவரின் சுண்டுவிரல் ஏற்கெனவே கீழே ஜி-யில் காத்திருந்தது.